ராகு காலத்தில் இறங்கிய மீன்

பொன்செல்வி விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் கோன் சுற்றும் பகுதியில் பதினேழு வருஷமாக நின்றே வேலை பார்க்கிறவள். கூட வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால், நல்ல மனுஷிதான், ஆனால் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு யாரும் முழுசாகத் திரும்பியதில்லை என்பார்கள். அது உண்மைதான். அவளும் அதை மறுத்ததில்லை.

வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் அவளுக்கு ஆறு மீன்தொட்டிகள். ஐந்தில் கப்பி, மோலி, ஏஞ்சல் என்று சின்ன மீன்கள். ஆறாவதில் ஒரு ஜோடி ஆஸ்கார். கட்டைவிரல் அளவில் வாங்கி வந்தவை ஆறு வருஷத்தில் ஒரு சாணைத் தாண்டி வளர்ந்துவிட்டன. கண்ணாடிப் பக்கம் யார் வந்தாலும் முட்ட வரும். தீனி பிந்தினால் கூழாங்கல்லை வாயில் கவ்விக் கண்ணாடியில் துப்பும். “அப்படியே எம் புத்தி” என்று அவளே பெருமையடித்துக்கொள்வாள்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரி இசக்கித்தாய்க்கு இந்தப் பெருமை புரியவில்லை. மாடியில் இத்தனை தண்ணீர் நின்றால் தளம் இறங்கிவிடும் என்று எவரோ சொல்லிவிட்டார்கள், அன்றோடு அவளுக்கு நிம்மதி போயிற்று. ஆடி பிறந்தால் ஒருத்தரும் வீடு மாறமாட்டார்கள், பேச்சு ஆவணிக்கு இழுத்துவிடும். அதனால் ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள். தொட்டிகளை இரண்டிரண்டாக மூன்று நாளில் எடுத்துக்கொள்கிறேன் என்று பொன்செல்வி கேட்டுப் பார்த்தாள்.

“ஒரே நடையா போயிரணும். தவணை முறையில வீடு காலி பண்ணுததை நான் எங்கயும் கேட்டதில்ல” என்றாள் இசக்கித்தாய்.

போக்கிடம் ஒன்று இருந்தது. பொன்செல்வியின் புருஷன் மாரிராஜ் சேரன்மகாதேவியில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தான். அவனுடைய அக்காள் முப்பிடாதிக்கு அந்த ஊரில் வயலை ஒட்டி ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. தம்பிக்கு வாடகை வேண்டாம் என்று முப்பிடாதி சொன்னாள். சும்மா கிடைக்கிற வீடு என்றால் எப்படியும் ஒரு முள் இருக்கும் என்று பொன்செல்விக்கு அப்போதே தோன்றியது. தோன்றி என்ன செய்ய?

நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு நாள் மீன்களைப் பட்டினி போட்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால்தான் வழியில் தண்ணீர் கெடாது. சின்ன மீன்களைக் காற்றடைத்த பைகளில் கட்டித் தெர்மோகோல் பெட்டிகளில் வைத்தாள். ஆஸ்கார் இரண்டையும் அவற்றின் பழைய தண்ணீரோடு ஒரு நீல டிரம்மில் விட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை மாட்டினாள். அந்த பேட்டரியில்தான் வினை. எப்படியும் போகிறவர்கள்தானே என்று முந்தின நாள் சாயங்காலமே மாடிக்கு வரும் கரண்டை இசக்கித்தாய் நிறுத்திவிட்டாள். பாதி சார்ஜோடு கிளம்ப வேண்டியதாயிற்று. அதுவும் நினைத்தபடி எட்டு மணிக்கு இல்லை. படிக்கட்டைக் கழுவிவிட்டுத்தான் வண்டி நகரலாம் என்று வீட்டுக்காரி குட்டியானை வேனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். ஒன்பதே முக்காலுக்குத்தான் கிளம்பினார்கள். வீரவநல்லூர் தாண்டும்போது காற்று மோட்டார் ஓய்ந்தது.

சேரன்மகாதேவி சேர்ந்தபோது பத்தே முக்கால். உப்பு ஜாடி, மஞ்சள், சாமி படம், பால் செம்பு எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முப்பிடாதி நின்றாள்.

“வார நேரமா இது? பன்னெண்டு வரைக்கும் ஒரு துரும்பு உள்ள போகக்கூடாது.”

“மதினி, மீனுக்கு மூச்சு முட்டுது. கரண்டுல ஓடுத மோட்டார் இருக்கு, அதோட வயரை மட்டும் சன்னல் வழியா விடுங்க. பிளக்குல மாட்டினாப் போதும்.”

“கரண்டை எடுத்தாலும் வீட்டைப் புழங்கினதுதான். உப்பும் சாமி படமும் போகாத வீட்டுக்குள்ள நாத்தம் புடிச்ச மீனு மொத போகணுமாக்கும்?”

பக்கத்தில் வேறு வீடு கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, ஆனால் முந்தின நாள்தான் வயலுக்கு மருந்து அடித்திருந்தார்கள் என்று மாரிராஜ் சொன்னான். அது ஒன்றுதான் அவன் உருப்படியாகச் சொன்னது. “ஒரு மணி நேரந்தான செல்வி, பொறு. அக்காட்ட வாயைக் குடுத்துராத” என்பது இரண்டாவது.

வாழ்க்கையில் ஒருநாள் பொன்செல்வி அவன் பேச்சைக் கேட்டாள். வண்டியில் ஏறி நின்று, டிரம்மிலிருந்து கப்பில் தண்ணீரை மொண்டு, கை எட்டுமட்டும் உயர்த்தித் திரும்ப ஊற்றினாள். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். மொண்டாள், ஊற்றினாள். ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நடுநடுவே அவள் முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தாள். இப்போது இளகிவிடுவாள், இப்போது இளகிவிடுவாள் என்று நம்பினாள். இருபது நிமிஷம் நம்பினாள். பிறகு பெண்மீன் சாய்ந்து வயிறு மேலே வந்தது.

முப்பிடாதி எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணு போச்சா? போகட்டும் விடு. நம்ம வீட்டுக்கு இருந்த கண்ணேறு அதோட கழிஞ்சுது.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் பொன்செல்விக்குத் தாங்கவில்லை. இறங்கிப் போய் மதினியின் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள்.

“ஏட்டி! கை வைக்கியா?”

“ஆமா, வைக்கேன். என்ன செய்வீய?”

கதவைத் திறந்துவிட்டு வந்தாள். வண்டி ஓட்டி வந்த வன்னியராஜ் யாரையும் கேட்கவில்லை. டிரம்மைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைக் கொட்டி, ஒரு பக்கம் பிடித்தான். கோலத்தை மிதித்து, உப்பு ஜாடியைத் தாண்டி, இருவரும் அதை நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவள் கரண்டு மோட்டாரைப் பிளக்கில் சொருகினாள். தண்ணீர் பொங்கியது. வெகு நேரம் கழித்து ஆண்மீன் டிரம்மை ஒரு முட்டு முட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்து அழுதாள்.

வெளியே முப்பிடாதி வயல்வெளிக்கே கேட்கக் கத்தினாள். “ராகு காலத்துல, செத்ததையும் சேத்துல்லா உள்ள தூக்கிட்டுப் போயிருக்கா! வெளங்குமாலே மாரி இந்த வீடு?” பாலைக் காய்ச்சாமலே செம்பை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. வீட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. தம்பி தெருவில் நின்றால் அவளுக்குத்தானே அசிங்கம்.

இரண்டு வருஷம் ஆயிற்று. மாரிராஜ் பைக்கிலிருந்து விழுந்தது, கிணற்று மோட்டார் எரிந்தது, மழையில் சுவர் ஓதம் காத்தது எல்லாமே அந்த வெள்ளிக்கிழமையால் வந்தவை என்று முப்பிடாதி ஊரெல்லாம் சொல்லி வருகிறாள். போன தையில் அவள் மகளுக்குக் கல்யாணம். அழைப்பு மாரிராஜுக்கு மட்டும், அதுவும் உரக்கடையில் வைத்துக் கொடுத்தார்கள். பொன்செல்விக்கு வலிக்காமல் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பூப்பு நீராட்டில் தலை பின்னிவிட்டவள் அவள். கல்யாணத்தன்று லீவு கூடப் போடாமல் மில்லுக்குப் போய்விட்டு வந்தாள்.

சாயங்காலம் மாரிராஜ் தாம்பூலப் பையோடு வந்து உட்கார்ந்தான். தொட்டியில் ஆஸ்கார் அவனைப் பார்த்து முட்ட வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எல்லாரும் உன்னையத்தான் கேட்டாவ. என்னத்தைச் சொல்ல? அன்னைக்கு நீ கொஞ்சம் பொறுத்திருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?”

பொன்செல்வி தீனி டப்பாவை மூடினாள்.

“பொறுத்தேன்லா” என்றாள். “இருபது நிமிசம் பொறுத்தேன். அதுலதான் ஒண்ணு செத்துச்சு.”