எட்டு மணிச் சங்கு

அடுத்த வீட்டுப் பையன் விடியற்காலையில் தன்னை எழுப்புவதற்காகக் கைப்பேசியில் ஆலைச் சங்கின் ஓசையை வைத்திருக்கிறான். எங்கிருந்து அதைப் பிடித்தான் என்பது எனக்குத் தெரியாது. சென்ற வாரம் அது முதன்முறையாக ஊதியபோது, எண்பதைத் தாண்டிய நான் திடுக்கிட்டு எழுந்து, கட்டிலுக்கடியில் காலால் காக்கிக் கால்சட்டையைத் துழாவினேன். தட்டுப்பட்டது ஒரு தடி. சாரணர் தடியன்று நண்பரே; மருத்துவர் ஊன்றச் சொன்ன தடி.

காக்கிக் கால்சட்டை என்றதும் கஞ்சியின் வாசனை வந்துவிடுகிறது. வடித்த கஞ்சியில் முக்கி உலர்த்தினால் அது ஆளில்லாமலே நிற்கும். அந்த விறைப்புடன் நாங்கள் கூடிய இடம், பள்ளி மாடிப்படிக்கு அடியிலிருந்த சிறு அறை. பழைய கால்பந்துகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே, வெள்ளிதோறும் மாலையில் எங்கள் அணித் தலைவர் மன்றம் கூடும். சாரணர் குழுவில் மூன்று அணிகள். மூன்று அணிக்கும் மூன்று தலைவர்கள். தண்டையார்பேட்டைப் பாஷா ஒருவன். அவன் தகப்பனாருக்குத் தோல் கிடங்கு. ராயபுரத்துச் சேவியர் ஒருவன். அவன் வீட்டில் மீன்பிடி. மூன்றாமவன் திருவொற்றியூரிலிருந்து வந்த அடியேன். ஆலைத் தொழிலாளியின் மகன். தோல் வாசனையும் கருவாட்டு வாசனையும் என் கஞ்சி வாசனையும் அந்த அறையில் சம வாக்குரிமையோடு வீற்றிருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

எங்கள் சாரண ஆசிரியர் கணக்குப் பாடம் நடத்துபவர். மன்றத்தில் மட்டும் வாசலருகே ஒரு கவிழ்த்த தகரப் பெட்டியின்மேல் அமர்ந்து வாய் திறக்காமல் இருப்பார். சாரணியத்தில் பிள்ளைகளை நடத்த வேண்டியவர்கள் பிள்ளைகளே என்பது அவர் கொள்கை. தலைமையாசிரியருக்கு அதில் நம்பிக்கை இல்லை. மீசை முளைக்காதவர்கள் மன்றம் கூட்டுவதாவது என்பது அவர் வாதம். கோடை விடுமுறையின் மூன்று நாள் முகாமை நாங்களே திட்டமிட்டு நடத்த அனுமதி கேட்டபோது, அவர் ஒரு நிபந்தனை விதித்தார்.

"மொதல்ல ஒரு நாள் நடத்திக் காட்டுங்க. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்துக்கு நான் வருவேன். சோறு தயாரா இருக்கணும். இல்லேன்னா முகாம் டிரில் மாஸ்டர் கையில."

டிரில் மாஸ்டரின் கையில் என்றால் அவருடைய ஊதுகுழலின் வாயில் என்று பொருள். ஊதினால் எழ வேண்டும். ஊதினால் உண்ண வேண்டும். ஊதினால் சிரிப்பை நிறுத்த வேண்டும். எங்கள் மன்றம் அதோடு மறைந்துபோகும்.

ஆகவே ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டது. எழுதியவன் நான். எழுதும்போது என்னை ஒரு படைத்தளபதியாகவே கருதிக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. தோள்வலி மிகுந்த ராயபுரத்து அணி, அண்டாவையும் அரிசி பருப்பையும் சுமந்துகொண்டு ஆறு மணிச் சங்குக்குப் புறப்படும். பாஷாவின் அணி விறகுத் தொட்டியில் விறகு வாங்கிக்கொண்டு, தண்டையார்பேட்டை டோல்கேட்டிலிருந்து ஏழு மணிச் சங்குக்குக் கிளம்பும். எண்ணூருக்கு அருகிலிருக்கும் என் அணி, குடிநீரையும் காய்கறிகளையும் எடுத்துக்கொண்டு எட்டு மணிச் சங்குக்கு நடக்கத் தொடங்கும். மூன்று அணிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முகத்துவாரத்தை அடையும். "சங்கு ஊதுமுன் எவரும் ஓரடியும் எடுத்து வைக்கலாகாது" என்று கடைசியில் ஒரு கட்டளையும் சேர்த்தேன். மூவரும் கையெழுத்திட்டோம். சாரண ஆசிரியர் அதை இருமுறை படித்து, மிகவும் அழகாயிருக்கிறது என்பதுபோல் தலையசைத்தார்.

எங்களில் எவரிடமும் கைக்கடிகாரம் இல்லை, அது தேவைப்பட்டதுமில்லை. எங்கள் பகுதியில் சங்குதான் பொழுது. முதல் சங்குக்கு உலை கொதிக்க வேண்டும். அடுத்ததற்கு அப்பா செருப்பை மாட்ட வேண்டும். அதற்கும் அடுத்ததற்கு நாங்கள் பள்ளிக்கு ஓட வேண்டும். சூரியன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலேறுகிறான் என்று நான் நம்பிய வயது அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அணி திருவொற்றியூர்த் தேரடி அருகே குடங்களோடு அணிவகுத்து நின்றது. வெயில் ஏறியது. கஞ்சி போட்ட கால்சட்டைகள் வியர்வையில் துவண்டன. சங்கு ஊதவில்லை. எதிரிலிருந்த தேநீர்க் கடைக்காரர் வெகுநேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, கொடத்த வெச்சிகினு செல மாரி நிக்கிறீங்க? எவனுக்குனா வெய்ட்டிங்கா?"

"எட்டு மணிச் சங்குக்கு."

அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். சிரிப்பதற்கு இரண்டு கைகளும் அவருக்குத் தேவைப்பட்டன.

"நாயித்துக்கெயம எவன்டா சங்கு ஊதுவான்? ஒங்கப்பனே வூட்ல குறட்ட வுட்டுகினு கீறான்!"

நண்பரே, என் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்ததிலிருந்து வாரந்தோறும் ஞாயிறு வந்துகொண்டுதான் இருந்தது. அன்று சங்கு ஊதாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஊதாத ஒன்றை ஒருவன் எப்போது கவனித்திருக்கிறான்? தேநீர்க் கடைக் கடிகாரம் எட்டரையைத் தாண்டிவிட்டிருந்தது. குடங்களோடு அணியை எண்ணூருக்கு அனுப்பிவிட்டு, நான் எதிர்த்திசையில் டோல்கேட்டை நோக்கி ஓடினேன். சேவியரைக் குறித்து எனக்குக் கவலையில்லை. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து மணி அடித்தால் அவன் கால்கள் தாமே நடக்கத் தொடங்கிவிடும். பாஷாவோ ஒப்புக்கொண்டபின் அசையாதவன். விட்டால் திங்கட்கிழமைச் சங்குவரை நிற்பான்.

நின்றுகொண்டுதான் இருந்தான். அவனுக்குப் பின்னால் ஏழு பையன்கள், தலையில் விறகுக் கட்டுகளோடு. அவர்களுக்குப் பின்னால், அந்த அணியோடு நடக்க வந்திருந்த எங்கள் சாரண ஆசிரியர், கையில் சங்கிலிக் கடிகாரத்தோடு.

"கெளம்புடா!" என்று மூச்சிரைத்தேன்.

"சங்கு ஊதலயே மாமு."

"இன்னிக்கு ஊதாதுடா. ஞாயித்துக்கெயம!"

பாஷா வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தான். "அடப் பேஜாரே! திட்டத்த எய்தசொல்லோ இன்னாடா பண்ணிகினு இருந்தே?"

"நீயுந்தானே கையெழுத்துப் போட்டே?"

"போட்டேன். அதான் நிக்கிறேன்."

சாரண ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "என் கடிகாரந்தான் முந்தி ஓடுதுன்னு நெனைச்சேன்டா." சங்கு ஊதாததால், அவர் அதற்குள் இருமுறை முள்ளைப் பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தார். அந்தக் கணம்முதல் அவர்மேல் எனக்கிருந்த அச்சம் நீங்கி, அன்பு மட்டும் எஞ்சியது.

விறகை ஆளுக்குச் சிறிது பங்கிட்டுக்கொண்டு விரைந்தோம். ஆசிரியரும் ஒரு கட்டைச் சுமந்தார். முகத்துவாரத்தை அடைந்தபோது உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. என் அணி கொண்டு சென்ற தண்ணீர் அண்டாவில் இருந்தது. சேவியர் குப்பத்து ஆத்தா ஒருத்தியிடம் நெருப்பு வாங்கி, கடல் ஒதுக்கிய ஈரக் கட்டைகளை அடுக்கி, புகையை மட்டும் சமைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கடா ராசாங்களா," என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டே. "எங்க கோயில் மணிய எய்தியிருந்தா இந்நேரம் துன்னுட்டுத் தூங்கினு இருப்போம்."

உலர்ந்த விறகு பற்றிய வேளையில், எண்ணூர் நிலையத்தில் இறங்கி மணலில் நடந்துவந்த தலைமையாசிரியரின் குடை தெரிந்தது. அவர் அண்டாவை எட்டிப் பார்த்தார். அரிசி அரிசியாகவே இருந்தது.

"யார் போட்ட திட்டம்?"

"என் திட்டம் சார்," என்றேன்.

"இல்ல சார்," என்றான் பாஷா. "மன்றத்துத் திட்டம். மூணு கையெழுத்து கீது."

"என்துதான் சார் மொத கையெழுத்து," என்றான் சேவியர். அது பொய். அவனுடையது மூன்றாவது.

நடந்ததைக் கேட்டதும் தலைமையாசிரியர் குடையைச் சற்றுத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். குடை மட்டும் குலுங்கியது. பிறகு சாரண ஆசிரியரைப் பார்த்து, "நீங்களும் காத்திருந்தீங்களா?" என்று கேட்டார். அவர் தலை கவிழ்ந்தார்.

ஒன்றரை மணிக்குப் புகை நாறும் சோற்றைத் தலைமையாசிரியர் மணலில் அமர்ந்து எங்களோடு உண்டார். கை கழுவியபின் தீர்ப்புச் சொன்னார்.

"பழியைப் பங்குபோடத் தெரிஞ்சிருக்கு. பொழுதைப் பங்குபோடத்தான் தெரியல. முகாம் வெள்ளி, சனி, ஞாயிறு. ரெண்டு நாள் டிரில் மாஸ்டருது." மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஞாயிறு ஒங்களுது."

அந்த ஞாயிற்றை நாங்கள் நடத்திய விதத்தைக் குறித்து இன்று தற்பெருமை பேசப்போவதில்லை. பன்னிரண்டு மணிக்குச் சோறு வெந்திருந்தது என்பது மட்டும் போதும். அன்று காலை எங்களை எழுப்ப ஊதுகுழலும் இல்லை, சங்கும் இல்லை. சேவியர் அண்டாவைக் கரண்டியால் தட்டினான்.

மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையும் அந்தப் பள்ளிக் கட்டடமும் இன்று இல்லை. விறகுத் தொட்டி இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. சேவியர் கப்பலேறிப் போனான்; அவன் கடிதங்கள் குறைந்து, பின் நின்றுபோயின. பாஷாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய வழியில்தான், டோல்கேட்டில் நான் நெடுநேரம் காரணமின்றி நின்றேன். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கடைசிச் சங்கு எந்த நாளில் ஊதி ஓய்ந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்த ஓசை நின்றதையும் நான் கவனிக்கவில்லை.

சங்கு ஊதாத நாள்தான் ஞாயிறு என்றால், இப்போது எங்கள் பகுதியில் எல்லா நாளும் ஞாயிறே. தலைமையாசிரியரின் தீர்ப்புப்படி அத்தனை நாளும் எங்களுடையவை. மன்றத்தைக் கூட்டத்தான் இன்னும் இரண்டு கையெழுத்துகள் வேண்டும்.