இரண்டு பேருக்குப் பதிந்த வீடு

சுதன், நீ பீட்சா கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிய அந்த இருநூறு வருசப் பழைய ஜோர்ஜியன் காலத்துக் கல்வீட்டுக்குள் நிற்கிறேன். பார்வையாளருக்குத் திறக்கும் நாளில் உள்ளே சுற்றிப் பார்க்க நம் இருவருக்கும் நீதான் பெயர் பதிந்தாய். போன மாதம் கார் அடித்து நீ போய்விட்டாய்.

கட்டியவர்களின் குடும்பம் இன்னும் இங்கேயே இருக்கிறது. முப்பாட்டனின் படத்துக்குக் கீழே பிள்ளைகள் காலில் இருந்து கழற்றிப் போட்ட ஈரச் சப்பாத்துகள் கிடக்கின்றன.

வேலைக்கு நிற்கும் தமிழ் அன்ரி பட்டியலைப் பார்க்கிறார்.

"ரெண்டு பேரெண்டு கிடக்கு. சுதன் எங்க, பிள்ளை?"

"தம்பி வேலையில நிக்கிறான், அன்ரி."

"சனி ஞாயிறும் வேலையோ? உந்தப் பெடியங்கள் திருந்தமாட்டாங்கள்!"

வீட்டுக்காரி சுட்ட கேக்கில் ஒரு துண்டை அன்ரி கடதாசியில் சுற்றித் தருகிறார்.

"இந்தக் கேக்கை அவனுக்குக் குடும்."

"ஓம், அன்ரி."

பஸ் தரிப்பில் அதை வைத்துக்கொண்டு அழுகிறேன். நான் ஏறவேண்டிய மல்வேர்ன் பஸ் வந்து போய்விட்டது.

இதை வாசிக்கிற எல்லோரும் என் தம்பி சுதனுக்காக ஒருதரம் கும்பிடுங்கள்.