நட்டாலும் பிடுங்குவேன்

குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. குழாயில் தண்ணீர் வராத ஆத்திரத்தை ஊரே அவள் காதில்தான் கொட்டும். யார் எவ்வளவு வைதாலும் அவள் குரல் உயராது. அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் 'பொறுமைத் திலகம்' என்று பட்டம் வைத்தார்கள். நாளடைவில் 'திலகம்' மட்டும் நிலைத்துவிட்டது.

வலது கை புகாரை எழுதிக்கொண்டிருக்க, இடது கை தன்பாட்டுக்கு உச்சந்தலைக்குப் போகும். சொரசொரவென்று ஒரு முடி விரலில் தட்டுப்படும். அதைப் பிடுங்கினால்தான் உள்ளே என்னவோ அடங்கும். அடுத்த நொடியே தன்மேல் எரிச்சலாக வரும். பள்ளிக்கூட நாளில் தொடங்கியது. நாற்பதை நெருங்கும்போது உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். பக்கத்து முடியை மேலே இழுத்து கிளிப் மாட்டி மறைத்துக்கொள்வாள். காற்றடித்தால் உச்சியைப் பொத்திக்கொள்வாள்.

"கையைக் கட்டிட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? தன் முடியைத் தானே பிடுங்குவாங்களா யாராவது?" என்பாள் அக்கா, அதுவும் நாலு பேர் இருக்கும்போது. இருமுகிறவளிடம் இருமாதே என்று சொல்வாளா இவள்? திலகத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கடைசியில் ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து அப்படியே வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே டாக்டர் லென்ஸை வைத்துத் தலையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"பின்னாடியிலேருந்து எடுத்து இங்க நட்டுடலாம். சும்மா தோட்டம் மாதிரி ஆயிடும் மேடம்."

"டாக்டர், இது தானா கொட்டலை. நான்தான் பிடுங்குறேன்."

"அதனால என்ன? இனிமே பிடுங்காம பாத்துக்கோங்க."

அத்தனை வருடமாக உயராத குரல் அன்றைக்கு உயர்ந்தது.

"சின்ன வயசுலேருந்து அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்! நீங்க நட்டாலும் பிடுங்குவேன் டாக்டர். ஏன் பிடுங்குறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நடுறதுக்கு மட்டும் அவசரம்!"

வெளியே இருந்தவர்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்கள். அவள் படியிறங்கிய வேகத்துக்குக் கணவர் ஓடித்தான் வரவேண்டியிருந்தது. "உனக்கு இவ்வளவு சத்தம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். கோபத்தோடேயே சிரித்துவிட்டாள்.

பிறகு பொது மருத்துவமனையின் தோல் டாக்டர் அவளை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் முதலில் கேட்டது, "எந்தெந்த நேரத்துல கை போகுது?" என்றுதான். பதில் சொல்லி முடிக்கவே அன்றைய பொழுது போதவில்லை. இது ஒரு நோய், இதற்குப் பெயர் உண்டு, திமிரோ சோம்பலோ இல்லை என்று கேட்டபோது, இத்தனை நாள் வாங்கிய பேச்செல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து நெஞ்சு கொதித்தது.

கை எழும்பினால் இறுக மூடி, உந்துதல் தணியும்வரை அப்படியே வைத்திருக்கப் பழகினாள். அலுவலகத்தில் இடது கைக்குக் குழாய் மாட்டுகிற ரப்பர் வாஷரைக் கொடுத்தாள். நாளெல்லாம் அதைப் பிசைந்தாள். வீட்டில், முடி பிடிபடாமலிருக்க விரல் நுனிகளில் பிளாஸ்திரி. முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தால் கை போகும் என்று, குளியலறைக் கண்ணாடிக்கு மேலிருந்த பளீர் விளக்கைக் கணவர் கழற்றிவிட்டு மங்கலான ஒன்றை மாட்டினார்.

இடையில் பெரிய குழாய் ஒன்று உடைந்து நாள் முழுக்க வசவு. அன்று மாலைக்குள் முளைத்திருந்ததில் பாதி போயிற்று. "எல்லாம் போச்சும்மா" என்று டாக்டருக்குப் போன் செய்து அழுதாள். "முடி போச்சு, சரி. இத்தனை மாசம் பிடுங்காம இருந்தீங்களே, அது பொய்யா? நாளைக்கு வாங்க" என்றார் அவர்.

போனாள். முடியும் மெல்ல வந்தது, பாதி நரையாக, கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு. நடுவில் கட்டைவிரல் அகலம் மட்டும் முளைக்கவில்லை. அங்கே வேர் செத்துவிட்டதாம்.

"சின்ன வயசுலயே யாராவது கேட்டிருந்தா இதுவும் வந்திருக்குமா?"

டாக்டர் மழுப்பவில்லை. "வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்."

அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

போன வாரம் அக்கா வந்து, "அடடே, என்ன எண்ணெய் தேய்க்கிற?" என்றாள்.

"எண்ணெய் இல்லக்கா. மனநல டாக்டர்கிட்ட போனேன்."

"ஐயையோ, மெதுவா பேசு! பக்கத்து வீட்டுல கேட்டுடப் போகுது." அக்கா ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

திலகம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கேக்கட்டும்க்கா. அங்கேயும் பிடுங்குற பொண்ணு ஒருத்தி இருந்தா, இப்பவே போய்க் காட்டட்டும்."