குமிழ் சுழலவில்லை

அம்சவேணி ஈரோட்டுக்காரி. டில்லி லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. எழுபத்து நாலில், நாடு திரும்பவிருந்த ரஷ்ய என்ஜினீயர் ஒருவரின் வீட்டம்மாவிடம் பழைய ஜோர்க்கி கேமரா வாங்கினாள். அதன் முதுகு திறக்காது. அடித்தட்டைக் கழற்றி, ஃபிலிமின் முனையைக் கத்தரியால் ஒடுக்கி வெட்டி, உருளையில் செருகி, இரண்டையும் சேர்த்து இடுக்குக்குள் இறக்க வேண்டும். பல்சக்கரம் ஃபிலிமைப் பிடித்தால்தான் படம். இல்லாவிட்டால் வெறும் க்ளிக் சத்தம்தான்.

முதல் சுருள் அப்படித்தான் போயிற்று. ஆபீஸ் பிக்னிக்கில் எடுத்ததைக் கழுவினால் ஒரு முகம்கூட இல்லை.

"இதை வித்துட்டு ஒரு சேலை வாங்கிக்கோங்கம்மா" என்றார் செக்ஷன் ஆபீசர் ஜோதிலிங்கம்.

"சேலை நிறைய இருக்குதுங்க சார்" என்றாள் அவள்.

வீணான சுருளை வைத்தே பழகினாள். ஃபிலிம் நகர்ந்தால் கேமராவின் மேலே இடப்பக்கமுள்ள திருகுக் குமிழும் கூடவே சுழலும் என்பதைக் கண்டுகொண்ட பிறகு ஒரு சுருளும் வீணாகவில்லை. தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

எழுபத்தேழில் ஜனக்புரியில் பட்டாபி என்பவரின் மகள் வத்சலாவுக்குக் கல்யாணம். மாலை மாற்றுக்கு முன்னால் புதுச் சுருள் போட்டாள். பெண்கள் அவசரப்படுத்தியதில் குமிழைப் பார்க்க மறந்துபோனாள். மாலை மாற்று, ஊஞ்சல் எல்லாம் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போதுதான் கண் அதன்மேல் போயிற்று. குமிழ் அசையவே இல்லை.

பேசாமல் க்ளிக் செய்துகொண்டே போயிருந்தால் அப்போதைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

"சாமி, கொஞ்சம் நிறுத்துங்க! ஃபிலிம் ஓடலீங்க" என்றாள் உரக்க.

மேளம் தடுமாறி நின்றது. பட்டாபிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா விளையாடறேளா? முகூர்த்தம் தாண்டிடும்!"

"அப்பா, ருக்கோ, சித்த பொறுங்கோ! அக்கா ஜல்தி போட்டுடுவா" என்றாள் மணையில் இருந்த வத்சலா.

சாஸ்திரிகள் வைத்தி சிரித்தார். "முகூர்த்தத்துக்கு இன்னும் நாழி இருக்கு ஓய். போடட்டும்."

அம்சவேணி அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அடித்தட்டைத் திறந்தாள். உருளையிலிருந்து முனை நழுவிக் கசங்கிக் கிடந்தது. கசங்கியதை வெட்டி எறிந்து, புதிதாக ஒடுக்கிச் செருகி இறக்கினாள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றினாள். குமிழ் சுழன்றது.

"இப்பக் கட்டுங்க!"

கெட்டிமேளம் முழங்கியது.

தாலி முடிந்ததும் பட்டாபியிடம் நேராகப் போனாள். "மாலை மாத்தினது, ஊஞ்சல், எதுவும் விழலீங்க. என் தப்புதான். சாப்பாடு ஆனதும் திரும்ப மாத்தச் சொல்லுங்க. எடுத்துத் தர்றேன்."

பட்டாபி முறைத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார். ஆனால் பாயசம் உண்ட தொந்தியோடு மாமாக்கள் மறுபடி மணமக்களைத் தோளில் தூக்கினார்கள். ஒருவர் வேட்டி நழுவியது. வத்சலா வாய்விட்டுச் சிரித்தாள். முதல் தடவை முகூர்த்த அவசரத்தில் இறுகியிருந்த முகங்களில் இப்போது கொண்டாட்டம். பிரிண்ட் வந்ததும் பட்டாபி தாலிகட்டும் படத்தை விட்டுவிட்டு, இந்த இரண்டாம் மாலை மாற்றுப் படத்தைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்.

பிறகு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று மிஞ்சவில்லை. எண்பத்து மூன்றில் வேலையை ராஜினாமா செய்து, ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் சின்ன ஸ்டுடியோ திறந்தாள். சேதி கேட்டு அவள் அம்மா வேலம்மாள் ஈரோட்டிலிருந்து ட்ரங்க் கால் போட்டாள்.

"கவர்மென்ட் வேலைய உட்டுட்டு என்ன புள்ள பண்ணப்போற?"

"வர்ற மாசம் முச்சூடும் கல்யாணம்மா. வெளிய ஆளுங்க நிக்கறாங்க, போனை வெச்சர்றேன்."