சிஸ்டருக்கு ஒத்து வரும் வார்த்தை

“பேர் அப்புறம் சொல்லுங்க. ஆள் எப்படி?”

கிரீம் நிரப்பிய கோனைக் கேக்குக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கிறார் ரைமக்கா. கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் நிற்கும் இளைஞன் திருதிருவென்று விழிக்கிறான். ஹேப்பி பர்த்டே என்று எழுதிக் கீழே அப்பாவின் பெயரைப் போட்டால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவன் அவன். நல்லவர்தான் என்று இழுக்கிறான். எப்படி நல்லவர், வாயைத் திறக்காத நல்லவரா, வாயை மூடாத நல்லவரா என்று அடுத்த கேள்வி வந்து விழுகிறது. பையன் குரலைத் தாழ்த்தி இரண்டாவது என்று ஒப்புக்கொண்டதும் கோன் கீழே இறங்குகிறது. ‘டியர் டேட், டோன்ட் பி மேட்.’ அன்புள்ள அப்பா, கோபப்படாதீர்கள். மாற்றி எழுதச் சொல்லலாமா, சிரித்துவிடலாமா என்று அவன் முடிவெடுப்பதற்குள் டப்பா மூடி, ரிப்பனும் கட்டியாகிவிட்டது.

பேக்கரியின் அந்தக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், ஓவன் அறைக்கும் கழுவும் தொட்டிக்கும் நடுவே, ஒரு மேஜையும் சுழலும் தட்டும் போட்ட மூலைதான் அக்காவின் ராஜ்ஜியம். வேலைக்குச் சேர்ந்தபோது டப்பா மடித்துக்கொண்டிருந்தார். கேக்கில் எழுதுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறதே என்று முதலாளி இவர் கையில் கோனைக் கொடுத்தார். அன்றைக்குத் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதாக முதலாளி இன்றும் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, அடுத்த ஆர்டரை அக்காவிடமேதான் அனுப்புவார்.

ரைம், அதாவது ஒலி ஒத்து வரும் வார்த்தை, இல்லாமல் எழுத மாட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ரைமக்கா. அவருடைய ஆங்கிலம் கொத்துக் கொத்தாக வருவது. தனியாக ஒரு வார்த்தையைப் பிடுங்கிக் கேட்டால் தடுமாறுவார். ஃபேக் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கேக், லேக், மேக், ஸ்னேக் என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த வார்த்தை வந்த இடத்தில் நின்று, ‘போலி’ என்பார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசுங்கள் என்றால் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவார். ஆனால் எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை சொந்தம் என்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

“கேக்குக்கு ஒடம்பொறப்பு யார்னு பாருங்க. ஒண்ணு ஏரி, ஒண்ணு பாம்பு, ஒண்ணு போலி. குரல் மட்டும் ஒண்ணு, கொணம் ஆளுக்கொண்ணு. ஒரு வீட்டுப் புள்ளைங்கன்னா அப்படித்தான் இருக்கும்” என்பது அவர் கண்டுபிடித்த இலக்கணம்.

இந்த இலக்கணத்தைக் கொண்டு அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. மனதில் பட்டதை எழுதிவிட்டுப் பழியை ரைமின் தலையில் போடுவது. ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மேலாளருக்கு ஓய்வு, வழியனுப்பு விழாவுக்குக் கேக். ஆள் எப்படி என்று அக்கா கேட்டார். தங்கமான மனுஷர் என்று நான்கு பேரும் ஒரே குரலில், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சொன்னார்கள். அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ‘லீவ் த ஸ்டேஜ், நோ மோர் ரேஜ்’ என்று எழுதினார். மேடையை விட்டு இறங்குங்கள், இனி எரிந்து விழ வேண்டாம். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கே, ஸ்டேஜுக்கு வேறு எது ஒத்து வருகிறது, நீங்களே சொல்லுங்கள் என்று அக்கா அப்பாவியாகக் கேட்டார். முதலாளி கல்லாவுக்குத் திரும்பிப் போய் பில் போட்டார். அந்த மேலாளரோ கேக்கோடு நின்று ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டாராம்.

மனைவிக்குக் கேக் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு தனி உபசாரம். ‘மை வைஃப், மை லைஃப்’ என்று எழுதுவார். வாங்க வந்தவர் உருகிப்போவார். அவர் பர்ஸை எடுக்கும் நேரத்தில், கேக் வெட்டும் பிளாஸ்டிக் கத்தியை மூன்றாவது வரி வர வேண்டிய இடத்துக்கு நேராக வைத்து மூடிவிடுவார். நைஃபை எழுதவே இல்லையே, வைக்கத்தானே செய்தேன் என்பது வாதம்.

இப்படி ஊர் முழுக்க இனிப்பில் வம்பு எழுதுகிறவரின் கேக் போகாத வீடு ஒன்று இருக்கிறது. அது அவருடைய சொந்தத் தங்கையின் வீடு.

ரைம் என்ற பைத்தியமே இருவருக்கும் சேர்த்துப் பிடித்ததுதான். சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருத்தி ஒரு வார்த்தையை வீசுவாள், மற்றவள் ஒத்து வரும் வார்த்தையைத் திருப்பி வீச வேண்டும். பதில் சொல்லாமல் தூங்கினால் மறுநாள் பாத்திரம் கழுவ வேண்டும். பெரும்பாலும் கழுவியது அக்காதான். தங்கை கெட்டிக்காரி. அதுதான் வினையாயிற்று.

தங்கையின் கணவர் செல்போன் பழுதுபார்க்கக் கடை திறந்தார். திறப்பு விழாக் கேக் அக்காவின் அன்பளிப்பு. மாப்பிள்ளைக்குக் கைவேலை சுத்தம், ஆனால் கேட்டவருக்கெல்லாம் சும்மா பார்த்துக் கொடுக்கிற மனசு, இவர் எங்கே கடை நடத்தப்போகிறார் என்ற சந்தேகம் அக்காவுக்கு உள்ளுக்குள் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் சூழ்ந்து நிற்க, டப்பாவைத் திறந்தால் ‘நியூ ஷாப், நெவர் ஃப்ளாப்’ என்று இருந்தது. ஒருபோதும் படுத்துவிடாதே என்ற வாழ்த்துதான். ஆனாலும் திறப்பு விழாவில் யாராவது படுப்பதைப் பற்றிப் பேசுவார்களா? கூட்டத்தில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ரைம் கேட்டது, எழுதினேன் என்று அக்கா வழக்கமான பாட்டைப் பாடினார். மற்றவர்களிடம் எடுபட்ட அந்தப் பாட்டு தங்கையிடம் எடுபடவில்லை.

“டாப்னு ஒரு வார்த்தை உனக்குத் தெரியாதா? என்கிட்டயே சொல்றியா?” என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். டாப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் கடை மூடியது. அக்காவுக்குக் கரிநாக்கு என்று தங்கையின் புகுந்த வீட்டில் பேசிக்கொண்டார்கள். தங்கை அதைக்கூடச் சொல்லவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

போன வாரம் ஒரு மதியம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம், மாப்பிள்ளை வந்து நின்றார். இப்போது வேறொருவர் கடையில் வேலை, நிம்மதியாக இருக்கிறார், முகத்தில் பழைய சிரிப்பு மாறவில்லை. வாங்க மாப்பிள்ளை என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்குத் தங்கைக்குப் பிறந்தநாள். அவர் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாதாம்.

“ஒண்ணும் எழுதாம குடுத்துடுங்கக்கா. எழுதினா வம்பு” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதலைன்னா நீங்க செஞ்சதுன்னு அவ நம்பவும் மாட்டா” என்று அவரே தலையைச் சொறிந்தார்.

அக்கா வெள்ளைக் கிரீமைப் பூசி, ஓரம் வழித்து, தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மேல் வரியில் ‘டு மை சிஸ்டர்’ என்று எழுதினார். அதே குண்டு எழுத்து. அதோடு கோன் நின்றுவிட்டது. உள்ளே கொத்து அவிழ்ந்தது. மிஸ்டர் என்றால் எதிரில் நிற்கும் இவர், இவரை வைத்து எழுதிப் பட்டதே போதும். ட்விஸ்டர் சூறாவளி. பிளிஸ்டர் கொப்புளம். பழைய கை என்றால் கொப்புளத்தின் மீது பாய்ந்து விழுந்திருக்கும், இப்போதும் லேசாக அரிக்கத்தான் செய்தது. முதலாளி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டி, ‘லவ்’னு ஏதாவது போட்டு முடியுங்களேன் என்றார். அது எப்படி ஒத்து வரும் என்று அக்கா முறைத்தார். அவருக்குத் தங்கை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அதைச் சொல்ல அந்தக் கொத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

கடைசியில் அக்கா கோனைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை விரித்தார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

“கீழ் வரி?”

“வார்த்தையை நான் வீசிட்டேன். இனி அவ முறை.”

அக்கா புதுக் கோன் ஒன்றில் ரோஸ் கிரீமை நிரப்பினார். நுனியை அளவாகக் கத்தரித்து, கசியாமல் ஒரு துண்டுத் தாளைச் சுற்றி, டப்பாவுக்குள் கேக்கின் பக்கத்தில், கை வைத்தால் எடுக்க வாகாகச் சாய்த்து வைத்தார்.