நல்லையாவின் தீக்குழி வயல்

நல்லையாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அதற்காக என் கோபம் குறைந்துவிடாது. லைங் தாயாவுக்கு மேற்கே, பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கும் அப்பால் இருந்த எங்கள் வார்டில் அவருக்கு ஒரு ஏக்கர் வயல் இருந்தது. அந்த வயலைப் பார்த்தாற்போல் சாலையோரத்தில் என் மளிகைக் கடை. மழைக்காலத்தில் நெல் நடுவார், மழை நின்றதும் கசூன் கீரை போடுவார். அவர் மனைவி ஆவுடையம்மாள் அந்தக் கீரையைக் கட்டிக்கொண்டு லத்தா சந்தைக்குப் போவாள். பிள்ளை குட்டி கிடையாது. வயல்தான் அவர்களுக்கு எல்லாம்.

பர்மாவில் நிலம் அரசாங்கத்தினுடையது. உழுகிறவனுக்கு உழுகிற உரிமை மட்டும்தான். மழைக்காலத்தில் நெல் நடாமல் போட்டுவைத்தால் தரிசு என்று சொல்லி எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வார்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

தொண்ணூற்றைந்தில் பக்கத்து வார்டுவரை தையல் கம்பெனிகள் வந்துவிட்டன. அடுத்தது நாம்தான் என்று ஊரே பேசியது. நல்லையா நேராக அவர்களுடைய மாரியம்மன் கோயிலுக்குப் போனார். இந்த அறுப்புவரைக்கும் வயலை விட்டுவைத்தால் பங்குனித் தீமிதிக்கு என் வயலிலேயே குழி வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அறுப்பும் முடிந்தது. வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கோயிலுக்குக் குழி வெட்ட இடம் கிடையாது. வருஷத்துக்கு ஒருவர் தன் வயலைக் கொடுப்பார். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தீ மிதித்த வயலில், அந்த வரப்புக்குள், அடுத்த தைவரை இரும்பு படக்கூடாது. கலப்பையும் கூடாது, மண்வெட்டியும் கூடாது. அதுவரை வயல் கொடுத்தவர்களுக்கெல்லாம் நெல் நட வேறு வயலும் இருந்தது. இவருக்கு இருந்தது இது ஒன்றுதான். அடுத்தவர் சாமி விஷயத்தில் நான் வாய் வைப்பதில்லை. ஆனால் இந்தக் கணக்கு அவர் மண்டையில் ஏன் ஏறவில்லை என்று இன்றுவரை எனக்கு ஆற்றாமைதான்.

தீமிதி அமோகமாக நடந்தது. தமிழர்களோடு பர்மாக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். நில ஆபீசில் எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊ சோ தெய்னின் மனைவியும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு குழியில் இறங்கினாள். பிள்ளைக்கு வந்த காய்ச்சல் இறங்கியதற்கு நேர்த்தி. அவள் கால் கழுவ ஆவுடையம்மாள்தான் பால் ஊற்றினாள். ஊ சோ தெய்ன் கரையில் நின்று கும்பிட்டார்.

மழை பிடித்தது. சுற்றிலும் எல்லோரும் நாற்று நட்டார்கள். நல்லையாவின் வயலில் மட்டும் கோரை முளைத்தது. என் கடை வாசலிலேயே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை.

“கலப்பை வேணாம். வெறுங்கையால சேத்தைக் கெளறி நாத்தை ஊனிடுறேன். இரும்பே படாது,” என்று ஆவுடையம்மாள் கெஞ்சினாள்.

“வேண்டுனது ஆத்தாகிட்ட. அவகிட்டயே சூது பண்ணச் சொல்றியா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “நல்லையா தம்பி, சாமி பொறுத்துக்கும். ஆபீஸ்காரன் பொறுப்பானா?”

“அது எப்படி எடுப்பாங்க, பீவிக்கா? ஊ சோ தெய்ன் சம்சாரமே அந்தக் குழியில எறங்குனவங்க. வயலு ஏன் சும்மா கெடக்குதுன்னு அவருக்குத் தெரியாதா?”

தெரியும். நன்றாகவே தெரியும்.

ஆவணியில் ஒரு மத்தியானம் ஊ சோ தெய்ன் ஆட்களோடு வந்தார். வரப்பில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினார். குழி இருந்த மூலைக்குப் போய், குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற நல்லையாவின் முகம் அப்படியே மலர்ந்தது. “பாத்தீங்களாக்கா?” என்றார். பிறகு ஊ சோ தெய்ன் கையை நீட்ட, ஆட்கள் நான்கு மூலையிலும் சிவப்பு அடித்த மூங்கில் குச்சிகளை ஊன்றினார்கள். தரிசு. வெறுங்காலோடு திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். யார் கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தச் செருப்பை எடுத்து அந்த ஆளின் முகத்தில் வீச வேண்டும்போல் எனக்கு இருந்தது. நானும்தான் சும்மா நின்றேன்.

இரண்டு வருஷத்தில் அங்கே தையல் கம்பெனி எழும்பியது. ஆவுடையம்மாளுக்கு மூட்டு வீங்கி நடை போய்விட்டது. நல்லையா அதே கம்பெனியில் முற்றம் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். வேறு எங்கே போவார்? குழி இருந்த மூலையில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அந்த மூலைக்கு வந்ததும் கம்பெனி கொடுத்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு கூட்டுவார். தையல் பெண்கள் சிரிப்பார்கள். மேஸ்திரி திட்டுவார். கடைசியில், காலில் ஊசியும் ஆணியும் குத்தினால் யார் பொறுப்பு, இனிமேல் பூட்ஸைக் கழற்றினால் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

மறுநாள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பூட்ஸோடு வந்தார். பூட்ஸோடு அந்த மூலையில் ஏறினார், கூட்டினார், இறங்கினார். சாயங்காலம் ஆவுடையம்மாளுக்குத் தைலம் வாங்கக் கடைக்கு வந்தார். அவராகவே சொன்னார்.

“கீழ மண்ணு இல்லைக்கா. எல்லாம் சிமெண்டு.”