குறுக்கே பேசத் தெரியாதவர்கள்

‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று போனில் உங்கள் உயிரை வாங்குகிற குரலுக்கு வசனம் எழுதுகிற பாவி நான்தான். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் உங்களைப் போல மாட்டி முழித்தவள்தான்.

தயங்கிய விரல்

கோவையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பெரியவர்களுக்கென்றே மெனு தயாரித்தோம். சோதித்துப் பார்க்க, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழனிசாமி ஐயாவைச் சரவணம்பட்டி ஆபீசுக்கு வரவழைத்தேன். டாக்டரைப் பார்க்க இரண்டு என்று குரல் சொல்லியாயிற்று. அவர் விரலும் இரண்டின் மேல்தான் நின்றது. ஆனால் அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் என்னையே அதிசயமாகப் பார்த்தார்.

“அந்த அம்மணி இன்னும் பேசிட்டிருக்குதுங்களே, குறுக்க அமுத்துனா மரியாதையாங்க?”

ஓடிக்கொண்டே இருக்கட்டும்

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மெனு முடிந்ததும் மூச்சு விடாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆம்புலன்ஸோ கடைசியில், ஒன்பதாவதாக வரும். அதை முதலில் வைத்து, பிறகு கொஞ்சம் இடைவெளி விடலாம் என்று ஆஸ்பத்திரி மேனேஜரிடம் மன்றாடினேன். அவர் சிரித்தார்.

“எடுத்ததும் ஆம்புலன்ஸ்னா பயந்துக்குவாங்கம்மா, செக்கப் பேக்கேஜ் முன்னாடி வரட்டும், சத்தம் நின்னா லைன் கட்டாயிருச்சுன்னு வெச்சிருவாங்க, ஓடிட்டே இருக்கட்டும்.”

பல்லடத்திலிருந்து ஓர் அழைப்பு

மெனு நடைமுறைக்கு வந்த மாதமே ஒரு பதிவைக் கேட்டேன். பல்லடத்திலிருந்து சரஸ்வதியம்மா என்பவர் பேசுகிறார். பின்னால் அவர் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுவது கேட்கிறது. எங்கள் குரல் செக்கப் பேக்கேஜில் ஆரம்பித்து ஒன்பது வரை போகிறது. மறுபடி செக்கப் பேக்கேஜ். அந்தம்மா நடுநடுவே “சரிங்க, சரிங்க” என்கிறார். கடைசியில் பக்கத்துத் தறிக்காரர் கணவரைத் தன் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். நல்லவேளை, மனிதர் பிழைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் பல்லடத்துக்கே போனேன். ஒன்பது என்று சொன்னது காதில் விழவில்லையா என்று சரஸ்வதியம்மாவிடம் கேட்டேன். காபித் தம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

“உழுந்துச்சு கண்ணு, ஆனா அந்தப் புள்ள மூச்சு உடாம பேசிட்டிருந்துச்சு, பாவம் முடிக்கட்டும்னு இருந்தனுங்க.”

அந்தப் பதிவை மேனேஜருக்குப் போட்டுக் காட்டிய நாளிலிருந்து எங்கள் குரல் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆம்புலன்ஸைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கிறது, ஏனென்றால் இந்த ஊரில் மனிதர்கள் பிழைக்க வேண்டுமானால் மெஷினாவது கொஞ்சம் மரியாதை கெட்டு நடந்தாக வேண்டும்.